முன்னங்காலைத் தூக்காத குதிரை

எங்கள் ஊரில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. உயிரோடு இருப்பதைத்தான் தேட வேண்டும்.

காஞ்சிபுரத்தின் தலபுராணமே குதிரையில்தான் ஆரம்பிக்கிறது. பிரம்மா இங்கே அசுவமேதம் செய்தார், அந்த வேள்வித் தீயிலிருந்து வரதராஜர் எழுந்தருளினார் என்பது கதை. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் எட்டாம் நாள் பெருமாளுக்குக் குதிரை வாகனம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் பல்லவ ராஜாக்களின் சரித்திரத்தைச் சொல்லும் சிற்ப வரிசைகளிலும் குதிரைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபம். எண்ணினால் தூண்கள் 96தான், அதை விடுங்கள். 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்து வேலை. குதிரைவீரர்களும் யாளிவீரர்களும் பாய்ந்து வருகிற அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்றால் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் போலத் தோன்றும்.

உயிருள்ள குதிரை என்றால், முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வரும் வெள்ளைக் குதிரை ஒன்றிரண்டு. ஜட்கா வண்டியெல்லாம் தாத்தா காலத்தோடு சரி.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் அக்கா மகளுக்குக் குதிரைமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற பைத்தியம் இல்லை. தடை தாண்ட வேண்டுமாம், ஷோ ஜம்பிங். அக்கா வீட்டில் பட்டுத்தறி. அத்திம்பேர் காலையில் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். ஆகவே வார இறுதியில் விடிவதற்கு முன்னால் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிற ஒரு சவாரிப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. அவள் அங்கே ஒரு வயசான, பொறுமைசாலிக் குதிரைமேல் பாடம் படிப்பாள். எனக்கு வேப்பமரத்தடி பெஞ்சு. பக்கத்து மைதானத்தில் ஒரு இளங்குதிரையைப் பழக்கிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பதிவு.

நாலு வயசுச் செவலைப் பெட்டை. பந்தயத்துக்குப் பிறந்தது, ஓட்டத்தில் தேறவில்லை என்று கழிக்கப்பட்டு இங்கே வந்தது. நம் நாட்டுச் சவாரிப் பள்ளிகளில் பாதிக் கதை இதுதான். பந்தயக் குதிரைகள் இரண்டு வயசிலேயே ஓட ஆரம்பித்துவிடும். நாலு வயசில் பலதுக்கு அந்த வாழ்க்கை முடிந்துவிடும். அதற்கப்புறம் யாராவது வாங்கிப் பழக்கினால் உண்டு. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ்கோர்ஸின் குத்தகையை அரசு ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டபோது எல்லோரும் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், வாடகை பாக்கியைப் பற்றிப் பேசினார்கள். அங்கே நின்ற குதிரைகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைச்சல்.

செவலையைப் பழக்குகிறவர் ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் மாஸ்டர். ஒருநாள் டீ குடிக்கும்போது பெருமையாக என் போனில் நூற்றுக்கால் மண்டபத்துக் குதிரைகளைக் காட்டினேன். முன்னங்கால் இரண்டும் ஆகாயத்தில், கழுத்து வளைந்து, மேலே வீரன் லகானை இறுக்கிப் பிடித்தபடி. மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு சார். ஆனா இந்தக் குதிரை பயந்து போயிருக்கு."

"வீரமா நிக்குதே மாஸ்டர்?"

"மேல இருக்கறவன் வாயில இழுக்கறான், வயித்துல ஒதைக்கறான். முன்னால போக வழி இல்ல. பக்கத்துல போக வழி இல்ல. அப்ப மேலதான் போகும். இங்க ஒரு குதிரை இப்படி ஒருதரம் தூக்கிச்சுன்னா அன்னிக்கு எனக்குத் தூக்கம் கிடையாது."

சிற்பியைச் சொல்லிக் குற்றமில்லை. தூண் மேலே போகிறது, அதோடு குதிரையும் மேலே போக வேண்டியதுதான். வியன்னாவில் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் இப்படிப் பின்னங்காலில் நிற்பதையே வித்தையாகச் செய்கிறார்கள். அது வருஷக்கணக்கில் பழக்கி, குதிரை தன் இடுப்பு பலத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுவது. மிரண்டு தூக்குவது வேறு சமாச்சாரம். ஆனால் கல்லில் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு எண்ணம் ஊறிவிட்டது: குதிரை என்றால் திமிர் பிடித்தது, அதை அடக்குகிறவன் வீரன். தேசிங்குராஜன் கதையும் அதற்குத் தூபம் போட்டது. யாராலும் ஏற முடியாத டில்லி பாதுஷாவின் குதிரைமேல் ஏறி, அதை ஒரே ஓட்டத்தில் அடக்கி, பெண்ணையும் குதிரையையும் கொண்டுவந்தான் என்று நம் பக்கத்தில் தெருக்கூத்துவரை அந்தக் கதை வாழ்கிறது. நிஜத் தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த சண்டையில் சின்ன வயசிலேயே செத்துப்போனான். கதைத் தேசிங்கு மட்டும் இன்னும் குதிரையை அடக்கிக்கொண்டே இருக்கிறான். சினிமாவில் பார்த்தாலும் அதேதான்: ஹீரோ தாவி ஏறுவார், குதிரை துள்ளும், பாட்டு முடிவதற்குள் வழிக்கு வந்துவிடும்.

மாஸ்டரின் மைதானத்தில் துள்ளலே கிடையாது. முதல் சில வாரம் எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

அவர் முதலில் பார்ப்பது எலும்பை. குதிரையின் கால் எலும்புகள் முற்றுவது கீழிருந்து மேலே. குளம்புப் பக்கத்து எலும்புகள் குட்டியாக இருக்கும்போதே முற்றிவிடும். முழங்கால் மூட்டுக்குச் சுமார் இரண்டரை வயசு ஆகும். முதுகெலும்பு கடைசி, ஐந்தரை ஆறு வயசுவரை இழுக்கும். சவாரிக்காரன் உட்காருவதோ அந்த முதுகில்தான். அது மட்டுமில்லை, குதிரைக்கு முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது, எலும்பும் தசைநாண்களும்தான். தடை தாண்டி இறங்கும்போது முதலில் ஊன்றுவது ஒரே ஒரு முன்னங்கால். உயரமான தடையென்றால் மொத்த உடல் எடையைப்போல இரண்டு மடங்குப் பாரம் அந்த ஒரு காலில் வந்து விழும். ஐநூறு கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் ஆழமான கடற்கரை மணலும் ஆகாது, வெயிலில் இறுகிப்போன செம்மண்ணும் ஆகாது. மாஸ்டர் தினமும் மைதானத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் குதிரையை வெளியே கொண்டுவரச் சொல்வார்.

அடுத்தது வாய். "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்" என்று காரியவாதிகளைச் சொல்வோம் இல்லையா, குதிரைப் பக்கமிருந்து பார்த்தால் அது வாயை மூடுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயசுகளில் வரிசையாக முன்பற்கள் விழுந்து முளைக்கும். நாம் கடிவாளம் மாட்டிப் பழக்க ஆரம்பிப்பதும் சரியாக அந்த வயசில்தான். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத வெறும் ஈறு இருக்கிறது, கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அந்த இடத்தில். சில குதிரைகளுக்கு அங்கே குட்டியாக ஒரு பல் முளைத்து, இரும்பு அதில் இடித்துக்கொண்டே இருக்கும். தலையை உதறுகிறது, திமிர் என்று சவுக்கை எடுப்பதற்கு முன்னால் மருத்துவரைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். செவலைக்கு அந்தப் பல் இருந்தது, எடுத்தார்கள். தலை உதறல் நின்றது.

பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு இன்னொரு சிக்கல். அதற்கு லகானை இழுத்தால் வேகம் என்று அர்த்தம். பந்தயத்தில் ஜாக்கியின் கையில் சாய்ந்துகொண்டு ஓடுவதுதான் பழக்கம். இங்கே அதே கை "மெதுவாப் போ" என்கிறது. அது குழம்பாமல் என்ன செய்யும்? ஆகவே பழையதை மறக்கடிக்கவே மாசக்கணக்கில் ஆகிறது. நீளக் கயிற்றில் பெரிய வட்டமாகச் சுற்றவிடுகிறார்கள், லஞ்சிங் என்று பேர். நட, டிராட் என்கிற மெல்லோட்டம், நில். குரலுக்கு நிற்கிறதா, குரலுக்குக் கிளம்புகிறதா. வட்டம் சின்னதானால் மூட்டு கெடும் என்பதால் மாஸ்டரும் கயிறு பிடித்தபடி கூடவே நடப்பார். அப்புறம் சவாரிக்காரன் ஏறி, அதே பாடம் மறுபடியும்.

தாண்டுதல் எப்போது வரும் என்று கேட்டால், இதோ தரையில் ஒரு மரக்கம்பைப் போட்டிருக்கிறேனே, அதுதான் என்பார்.

நிஜமாகவே அப்படித்தான். முதலில் தரையில் கிடக்கும் ஒற்றைக் கம்பை நடந்து கடப்பது. செவலை முதல்நாள் அதைப் பாம்பைப் பார்த்தது மாதிரிப் பார்த்துப் பத்தடி தள்ளி நின்று மூக்கால் சீறியது. யாரும் அடிக்கவில்லை, இழுக்கவும் இல்லை. வயசான குதிரை ஒன்றை முன்னால் நடக்கவிட்டார்கள், இது பின்னாலேயே போயிற்று. பிறகு நாலைந்து கம்புகளை வரிசையாகப் போட்டு டிராட்டில் கடப்பது. கம்புக்குக் கம்பு சுமார் நாலரை அடி இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு காலடி விழ வேண்டும். இது எதற்கென்றால், குதிரை தன் கால் எங்கே இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளக் கற்கிறது. காலைத் தூக்காவிட்டால் கம்பு தட்டும், அவ்வளவுதான் தண்டனை.

மாஸ்டரின் அளவுகோல் அவர் கால்தான். ஒரு எட்டு மூன்றடி என்று பழக்கி வைத்திருக்கிறார். குதிரை கேன்டர் என்கிற தாவோட்டத்தில் ஒரு தாவு வைத்தால் சுமார் பன்னிரண்டு அடி, அவருக்கு நாலு எட்டு. இரண்டு தடைகளுக்கு நடுவில் குதிரை ஒரே ஒரு தாவு வைக்க வேண்டுமென்றால் எட்டு எட்டுகள்: இறங்குவதற்கு இரண்டு, தாவுக்கு நாலு, மறுபடி எழும்ப இரண்டு. வாய்க்குள் எண்ணிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி அவர் மைதானத்தில் நடப்பதைப் பார்த்தால் மனை அளக்க வந்தவர் மாதிரி இருக்கும். அரை அடி தப்பினாலும் நகர்த்திப் போடச் சொல்வார். இளங்குதிரைக்கு இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பார், அதன் தாவு இன்னும் முழுசாக நீளவில்லை என்பதால். அளவு சரியாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் தானாகவே எழும்பும், மேலே இருப்பவன் ஒன்றும் செய்ய வேண்டாம். அளவு தப்பினால் அது ஒன்று நெருக்கத்தில் எழும்பி முழங்காலை இடித்துக்கொள்ளும், இல்லையென்றால் தூரத்தில் எழும்பிக் கம்பின்மேலேயே விழும். இரண்டில் எது நடந்தாலும் மறுநாள் அது தடையைப் பார்த்ததும் நின்றுவிடும்.

முதல் தடை என்பது இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறி மாதிரிச் சாய்த்து வைப்பது. நடுவில் முழங்கால் உயரம்கூட இருக்காது. ஓரங்கள் உயரமாக இருப்பதால் குதிரைக்கு நடுவில் போகத்தான் தோன்றும். முன்னால் எட்டொன்பது அடி தள்ளித் தரையில் இன்னொரு கம்பு, எங்கே எழும்ப வேண்டும் என்று காட்ட. அன்றைக்கு நான் பெஞ்சை விட்டு எழுந்து வேலிப் பக்கம் போய் நின்றேன். செவலை டிராட்டில் வந்தது. தரைக்கம்பைக் கடந்தது. காது இரண்டும் முன்னால் குவிந்தன. பிறகு, முழங்கால் உயரத் தடைக்கு, மூன்றடி எழும்பித் தாண்டியது! மேலே இருந்த பையன் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். அதற்காகவே பிடிக்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர்: இளங்குதிரை எவ்வளவு எழும்பும் என்று அதற்கே தெரியாது, அந்த நேரம் லகானில் தொங்கி வாயைக் கிழிக்காதே, பிடரியைப் பிடி என்று. இறங்கியதும் அது தலையைத் திருப்பித் தடையைப் பார்த்தது. மறுபடி ஒருதரம் வந்தது, இந்தமுறை அளவாக. "போதும், எறங்கு" என்றார். வயிற்று வாரைத் தளர்த்திவிட்டு, கழுத்தைத் தட்டிக்கொடுத்து லாயத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் அக்கா மகளுக்கு ஏமாற்றம். "நல்லாத் தாண்டுதே மாமா, இன்னும் நாலு தரம் விட்டிருக்கலாமே" என்றாள். நன்றாகச் செய்தவுடன் நிறுத்துவதுதான் அதற்குப் பரிசு என்று மாஸ்டர் அவளுக்குச் சொன்னார்.

குதிரையின் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அதற்குச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும், நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் தவிர. தடைக்கு வெகு அருகில் வந்துவிட்டால், எழும்புகிற அந்தக் கணத்தில், தடை அதன் கண்ணுக்குத் தெரியாது. முன்பே பார்த்து மனசில் அளந்து வைத்ததை நம்பித்தான் தாவுகிறது. வரும் வழியில் தலையை ஏற்றி இறக்கி அளப்பதற்கு அதற்குக் கழுத்து வேண்டும். நூற்றுக்கால் மண்டபத்து வீரன் மாதிரி லகானை இறுக்கினால் குதிரை குருட்டாம்போக்கில் தாவ வேண்டியதுதான். சிவப்பும் பச்சையும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்பது இன்னொன்று. பிரிட்டனில் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு பந்தயத் தடைகளில் காலங்காலமாக இருந்த ஆரஞ்சு நிறத்தை எடுத்துவிட்டு வெள்ளை அடித்தார்கள்.

குதிரைக்குக் கழுத்தை விட்டுக்கொடு என்பதைச் சவாரி உலகம் கற்றுக்கொண்டதே சமீபத்தில்தான். 19ஆம் நூற்றாண்டு முடிகிறவரை ஐரோப்பியப் படைவீரர்கள் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து லகானைப் பிடித்து இழுத்தார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதரிகோ காப்ரில்லி, குதிரைகள் தனியாக விட்டால் எப்படித் தாண்டுகின்றன என்று கவனித்து, சவாரிக்காரன் முன்னால் குனிந்து கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். மேலதிகாரிகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. 1907இல் அவரே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இன்றைக்கு உலகம் முழுக்கத் தாண்டுவது அவர் முறையில்.

நம் பக்கத்தில் இதெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அர்த்தசாஸ்திரத்தில் அசுவாத்தியட்சன் என்ற அதிகாரிக்கே ஒரு அத்தியாயம். அதில் சவாரிக் குதிரையின் போக்குகளில் ஒன்று லங்கனம், அதாவது தாண்டுதல். குரங்குத் தாவல், தவளைத் தாவல், மான் தாவல், கொக்குப் போக்கு என்று அதற்குள் வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் ஓலைச்சுவடியை மைசூர் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர். ஷாமசாஸ்திரி அதை 1909இல் அச்சிட்டார். நம் நிகண்டுகளிலும் குதிரைக்கு மயூரகதி, வானரகதி என்று ஐந்து கதிகள் உண்டு. தாவுகிற குதிரையை நின்று, ஆற அமரப் பார்த்த ஆட்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் குதிரை இங்கே எப்போதும் கடல் வழி வந்த சரக்கு. பட்டினப்பாலை காலத்திலிருந்தே அப்படி. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததால்தானே நரி பரியான கதை வந்தது! 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு எரியும். ராஜாவும் அவர் தம்பிமாரும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஹோர்முஸ் பக்கத்துக் குதிரைகளை வாங்குகிறார்கள், வருஷம் திரும்புவதற்குள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள். விற்கிற வியாபாரிகளோ குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள், செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார்தான். ஆனால் பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கினோம், அதை வளர்க்கிற ஆளுக்குச் செலவழிக்கவில்லை என்பது எனக்கு நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

இன்றைக்கும் அப்படியே என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கினார். அதற்கப்புறம் தனிநபர் பதக்கம் வர 2018 ஆயிற்று: பெங்களூர் ஃபௌவாத் மிர்ஸா, ஜகார்த்தாவில் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம். அவர் ஏறிய செனியர் மெடிகாட் ஜெர்மன் குதிரை, அவர் பயிற்சி எடுத்ததும் ஜெர்மனியில். இந்தியாவிலிருந்து குதிரையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது நோய்த்தடுப்பு விதிகளால் லேசில் நடக்கிற காரியம் இல்லை. மீரட்டில் இருக்கும் ராணுவ மையத்துக்கு நோயற்ற வளாகம் என்ற உலக அங்கீகாரம் 2025இல்தான் கிடைத்தது. இனிமேலாவது வழி திறக்கலாம். ஆனால் அந்த வழியில் அனுப்புவதற்கு இங்கே நாலு வயசில் சரியாக ஆரம்பித்த குதிரைகள் வேண்டுமே? அதற்கு மாஸ்டர் மாதிரி ஆட்கள் எத்தனை பேர் வேண்டும், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

கழித்த குதிரை தேறாது என்கிறவர்களுக்கு மாஸ்டர் சொல்லும் பெயர் ஹுவாசோ. சிலி நாட்டுக் குதிரை. அதுவும் பந்தயத்துக்கென்று பிறந்து அதில் தேறாததுதான். 1949 பிப்ரவரி 5 அன்று 2.47 மீட்டர் தாண்டியது, இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அப்போது அதற்கு வயசு 16.

செவலைக்கு இப்போது வாரத்தில் ஒருநாள்தான் தடை. மற்ற நாளெல்லாம் தரைக்கம்பும் வட்டமும் சும்மா நடையும். சித்திரை வைகாசியில் அதுவும் விடியற்காலை மட்டும். கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், நின்றால் உடம்பு கொதித்து உயிருக்கே ஆபத்து. அதனால் வேலை முடிந்ததும் விலாவைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தீவனத்தில் உப்பு சேர்க்கிறார்கள். ஐந்து வயசு முடிகிறவரை இடுப்பு உயரத்துக்கு மேல் கிடையாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போட்டிக்குப் போவதாக இருந்தால் என் அக்கா மகள் அந்தக் கிழக்குதிரையில்தான் போக வேண்டும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அக்கா கேட்டாள்: "இத்தனை மாசமாப் பழக்கறாங்களே, அந்தக் குதிரை இப்ப எவ்வளவு ஒசரம்தான் தாண்டுது?"

முழங்கால் உயரம் என்றேன்.

"ஏண்டா, அதை நானே கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்சா தாண்டிடுவேனேடா" என்றாள்.